ஓட்டின் மேல் 71: ஒரு பெட்டி ஆமையின் பின்னால் போன கதை

போன வருஷம் ஏப்ரலில் எங்கள் தெருக் கோடியில் இருந்த பெரியவர் ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகள் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கதவைத் தட்டினார். "உங்க பிள்ளைகளுக்கு ஆமை பிடிக்குமா?" என்று கேட்டார். கேள்வி கேட்ட விதத்திலேயே அவருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தது.

கார் ஷெட்டின் மூலையில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. துணி மடித்து வைப்போமே, அந்த மாதிரி. அடியில் காய்ந்த மரத்தூள். ஒரு பக்கம் வாடிய லெட்டூஸ் இலை, இன்னொரு பக்கம் காலியாகக் கிடந்த தண்ணீர்க் கிண்ணம். நடுவில் ஓர் ஆமை. இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. இடது பக்கம், காது இருக்க வேண்டிய இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. மேல் அலகு கிளி மூக்குப் போல வளைந்து கீழே இறங்கியிருந்தது. கையில் எடுத்தபோது அது ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இந்த இனத்துக்கே பெயர் வந்தது அந்த ஒரு வித்தையால்தான்.

பாக்ஸ் டர்ட்டில் என்று இங்கே சொல்வார்கள். தமிழில் பெட்டி ஆமை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் நட்சத்திர ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முன்னும் பின்னும் திறந்தேதான் இருக்கும். பெட்டி ஆமைக்கு அடி ஓட்டின் குறுக்கே ஒரு கீல் இருக்கிறது. தொட்டால் அடி ஓட்டின் இரு பாதிகளும் மேலே மடங்கி, மேலோட்டோடு பொருந்தி, இடுக்கில் ஒரு காகிதம் நுழையாத அளவுக்குப் பூட்டிக்கொள்ளும். வள்ளுவர் அடக்கத்துக்கு ஆமையை உவமையாகச் சொன்னபோது எந்த ஆமையைப் பார்த்தாரோ தெரியாது. இதைப் பார்த்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார். எங்கள் கைக்கு வந்த ஆமைக்கு அந்தப் பெட்டியை மூடும் தெம்புகூட இல்லை.

அன்று இரவு தஞ்சாவூரிலிருந்து போனில் பேசிய அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டா, ஆமை புகுந்த வீடு உருப்படுமா? போயும் போயும் நீயே தூக்கிட்டு வந்திருக்கியே" என்றாள். அந்தப் பழமொழியில் வரும் ஆமை பொறாமைதான், இயலாமைதான் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அதைச் சொன்னேன். "அதெல்லாம் வாட்ஸ்அப்ல வர்றது" என்று வைத்துவிட்டாள்.

முதல் மூன்று வாரம்

எனக்கு ஆமை வளர்த்துப் பழக்கமில்லை. முதல் வேலையாகத் தீனி போடப் போனேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நீர்ச்சத்து வற்றிப்போன ஊர்வனவுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் சூடும்தான். உடம்பு சூடேறாமல் அதற்குச் செரிமானமே நடக்காது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றி, அதில் உட்கார வைத்தோம். ஐந்து நிமிஷம் அசைவே இல்லை. பிறகு தலை மெல்ல இறங்கியது. மூக்கை நீருக்குள் விட்டு, தொண்டை ஏறி இறங்க, குடித்துக்கொண்டே இருந்தது. என் பெண் அதைப் பார்த்து அழுதுவிட்டாள்.

சமையலறைத் தராசில் எடை 310 கிராம். இந்த அளவுள்ள ஓட்டுக்கு 400க்கு மேலாவது இருக்க வேண்டும் என்றார் ஊர்வன பார்க்கும் கால்நடை டாக்டர். அவரிடம் போக ஒரு மணி நேரப் பயணம். கண் பழுப்பு நிறம், அடி ஓடு தட்டை, அதனால் பெண் என்றார். ஆணுக்குப் பெரும்பாலும் கண் சிவந்திருக்கும், அடி ஓட்டில் பள்ளம் இருக்கும்.

காதில் இருந்தது சீழ்க்கட்டி. ஆமையின் சீழ் நம்முடையது மாதிரி திரவமாக வடியாது, பனீர் போலக் கெட்டியாக உறைந்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, கீறி, முழுசாக ஒரு உருண்டையாக எடுத்தார்கள். அலகைச் சிறிய சுழலும் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. காரணம் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போனது. லெட்டூஸில் பெரும்பாலும் தண்ணீர்தான். வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணிமை, காதுக்குழாய் இவற்றின் உள்தோல் தடித்துக் கெட்டுப்போகும். வீக்கமும் கட்டியும் அதன் விளைவு. ஷெட்டில் வெயில் இல்லை. புற ஊதாக் கதிர் படாமல் உடம்பு வைட்டமின் டி தயாரிக்காது, அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. "அப்ப வைட்டமின் ஏ நிறையக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேன். கூடாதாம். ஊசியில் அளவு மீறினால் தோல் உரிந்து வரும். கொஞ்சமாக ஊசி, மீதி சாப்பாட்டில்.

பன்னிரண்டாம் நாள் வலது கண் திறந்தது. பத்தொன்பதாம் நாள், மழைக்குப் பிறகு தோட்டத்தில் எடுத்த மண்புழு ஒன்றை முன்னால் போட்டேன். கழுத்தை நீட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு ஒரே கவ்வு.

எழுபத்தொன்று

குளிப்பாட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். மேலோட்டின் வலது பக்கத்தில், மஞ்சள் கோடுகளுக்குக் குறுக்கே, கத்தியால் கீறிய இரண்டு எண்கள்: 71. விளிம்பெல்லாம் மழுங்கி, விரலால் தடவினால்தான் நன்றாகத் தெரிந்தது.

பெரியவரின் மகளுக்குப் போன் செய்தேன். தனக்கு நினைவு தெரிந்து அது எப்போதும் இருந்தது என்றார். 1990களின் தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் எங்கோ காரில் போய்த் திரும்பும்போது சாலை நடுவில் இருந்ததை எடுத்து வந்தார்களாம். எந்தப் பக்கம்? "மலைப் பக்கம்னு நினைக்கிறேன். கடல் பக்கமாவும் இருக்கலாம்." அம்மா இருந்தவரை தோட்டத்தில் வேலி கட்டி வளர்த்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, நரி தூக்கிவிடுமோ என்று பெரியவர் ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஏழு வருஷம். தினமும் தவறாமல் லெட்டூஸ் வைத்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவர் மறந்துபோனவர் இல்லை. தினமும் தப்பான காரியத்தைச் செய்தவர்.

71 என்பது வருஷமா? விளையாட்டுக்குச் சிலர் பழைய வருஷங்களைச் செதுக்கிவிடுவதும் உண்டு. அதனால் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஓட்டை உற்றுப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. ஆமை ஓட்டின் ஒவ்வொரு தகடும் ஓரத்தில்தான் வளரும். மரத்தின் வளையம் போல வட்டம் வட்டமாக. குட்டியில் செதுக்கியிருந்தால் எழுத்து தகட்டின் நடுப்பகுதியோடு நின்றிருக்கும், புது வளையங்கள் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும். இவளுடைய 71 கடைசி வளையம்வரை வெட்டிக்கொண்டு போகிறது. அதாவது செதுக்கியபோதே இவள் வளர்ந்து முடித்தவள். எண் வருஷம்தான் என்றால், 1960க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும்.

நான் 1974. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் அக்கா.

ஓட்டில் எழுதுவது இந்த நாட்டில் பழைய வழக்கம். விவசாயிகளும் பள்ளிப் பையன்களும் வயலில் அகப்பட்ட பெட்டி ஆமையில் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் கீறி விட்டுவிடுவார்கள். பல வருஷம் கழித்து அதே வேலியோரத்தில் அதே ஆமையைப் பேரன் கண்டெடுத்தான் என்று செய்தித்தாள்களில் வரும். ஓடு செத்த பொருள் இல்லை. தகட்டுக்குக் கீழே எலும்பும் நரம்பும் ரத்தமும் உண்டு, கீறினால் வலிக்கும். ஆனால் இந்தக் கெட்ட பழக்கத்திலிருந்துதான் ஒரு நல்ல அறிவியல் முளைத்தது.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜான் டிரெட்வெல் நிக்கல்ஸ் என்று ஒரு மீன் ஆராய்ச்சியாளர் இருந்தார். மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்குமான 'கோப்பியா' இதழை 1913-ல் தொடங்கியவர். அவருடைய மனைவி, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வில்லியம் ஃபிளாய்டின் வம்சம். லாங் ஐலண்டில் அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரை நிலம் இருந்தது. அங்கே அலையும் பெட்டி ஆமைகளில் நிக்கல்ஸ் தன் முதலெழுத்துகளையும் எண்ணையும் பொறித்து விட்டார். ஓய்வு நேர வேலைதான். அவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் அதே இடத்திலேயே திரும்பத் திரும்பக் கிடைத்தன. சிலவற்றைத் தூக்கிப்போய் வேறிடத்தில் விட்டும் பார்த்தார். சில பழைய இடத்துக்கே நடந்து வந்துவிட்டன. 1939-ல் இதைக் கோப்பியாவில் கட்டுரையாக எழுதினார். அவர் காலமான பிறகும் அவர் எழுத்தைச் சுமந்த ஆமைகள் அந்த நிலத்தில் நடமாடிக்கொண்டிருந்தன.

நூல் கட்டிய ஆமைகள்

அடுத்த அத்தியாயம் மேரிலாந்தில். பாட்டுக்ஸன்ட் என்ற இடத்தில் அரசின் வனவிலங்கு ஆய்வு நிலையம் இருக்கிறது. லூசில் ஸ்டிக்கல் என்ற பெண் 1944-ல் அங்கே ஆற்றோரக் காட்டில் பெட்டி ஆமைகளைப் பின்தொடர ஆரம்பித்தார். கத்தி எழுத்துக்குப் பதில் ஓட்டின் விளிம்பில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டு. எந்தத் தகட்டில் வெட்டு என்பதை வைத்து எண். போகும் வழியை அறிய ஓர் எளிய உபாயம்: ஆமையின் முதுகில் நூற்கண்டைப் பொருத்தி, நுனியைச் செடியில் கட்டிவிடுவது. ஆமை நடக்க நடக்க நூல் பிரியும். மறுநாள் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் ராத்திரி எங்கே தங்கியது என்பதுவரை தெரிந்துவிடும். நூல் முறை 1920களிலேயே பிரீடர் என்ற ஆய்வாளர் கண்டது.

1950-ல் வந்த ஸ்டிக்கலின் முடிவு எளிமையானது. ஒரு பெட்டி ஆமையின் உலகம் சராசரியாக நூறு மீட்டரைச் சற்றே தாண்டும் குறுக்களவுள்ள வட்டாரம்தான்.  ஆணுக்கு ஏறக்குறைய 330 அடி, பெண்ணுக்கு 370 அடி. ஒரு பள்ளிக்கூட மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்த மரத்தடியில் எப்போது காளான் முளைக்கும், எந்தப் பழம் எப்போது உதிரும், எந்தச் சரிவில் குளிர்காலத்துக்கு மண் இளகியிருக்கும் என்று எல்லாம் தெரிந்துகொண்டு, ஐம்பது வருஷமோ அதற்கு மேலோ வாழ்கிறது. சில நூறு வருஷத்தைத் தொடுகின்றன.

அதே காட்டுத் துண்டில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு தொடர்ந்தது. 1955-க்குப் பிறகு எண்ணிக்கை சரியத் தொடங்கியது. அது பாதுகாக்கப்பட்ட காடு. அங்கேயே அப்படி.

ஸ்டிக்கலின் இன்னொரு வேலை டிடிடி. 1946-லேயே அந்தப் பூச்சிமருந்து காட்டு உயிர்களை என்ன செய்கிறது என்று எழுதியவர். பிறகு அதே நிலையத்துக்கு இயக்குநராகவும் ஆனார். இது எதற்கு இங்கே என்றால், அக்காவின் காதுக் கட்டிக்காகப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வர்ஜீனியாவில் காட்டு ஆமைகளுக்கே அந்தக் கட்டி நிறைய வருகிறது. அவை லெட்டூஸ் தின்றவை அல்ல. 2001-ல் வந்த ஓர் ஆய்வு, டிடிடி வகையைச் சேர்ந்த குளோரின் மருந்துகளின் எச்சம் உடம்பில் வைட்டமின் ஏ-யைக் குலைப்பதால் இருக்கலாம் என்று சொன்னது. ஷெட்டில் பசியால் வந்த அதே நோய், வெளியே மண்ணில் தங்கிய விஷத்தாலும் வரக்கூடும்.

இலவசமாகக் கிடைத்த பிராணி

பெட்டி ஆமைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு வெள்ளைக்காரரோடு தொடங்கவில்லை. தென்கிழக்குப் பழங்குடி மக்களில், செரோக்கி, கிரீக் பெண்கள் நடனமாடும்போது பெட்டி ஆமை ஓடுகளுக்குள் கூழாங்கல் போட்டுக் காலில் கட்டிக்கொள்வார்கள். நம் சலங்கை மாதிரி. கோப்பையாகவும் உணவாகவும் பயன்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் பழைய குடியிருப்பு அகழ்வுகளில் ஓடு கிடைக்கிறது, இன்று காட்டில் ஆமை அரிது. பழங்குடிகள் அளவுக்கு மீறி எடுத்ததால் அங்கே அற்றுப்போயிருக்கலாம் என்று கிரெய்க் ஆட்லர் 1970-ல் எழுதினார். லின்னேயஸ் 1758-ல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது கரோலினாவின் பெயரையே வைத்தார். நாங்கள் இருக்கும் வட கரோலினா 1979-ல் இதை மாநில ஊர்வனமாகவே அறிவித்துவிட்டது.

மரியாதை பெயரளவில்தான். ஓக்லஹோமாவில் 101 ரேஞ்ச் என்ற பெரிய பண்ணையில் 1924-ல் ஆமைப் பந்தயம் தொடங்கினார்கள். வட்டத்தின் நடுவில் நூற்றுக்கணக்கில் ஆமைகளை விட்டு, எது முதலில் கோட்டைத் தாண்டும் என்று பணம் கட்டுவது. சமவெளியில் காலாலே தட்டுப்படும் பெட்டி ஆமைகள்தான் ஓட்டக்காரர்கள். இந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. பந்தயத்துக்கு வந்த ஆமைகள் பிறகு எங்கே விடப்பட்டன என்று யார் கவலைப்பட்டார்கள்?

கடைகளில் விற்றது பெரும்பாலும் வேறு இனம். கன்னம் சிவந்த நீர் ஆமைக் குட்டிகள், சல்லிசு விலைக்கு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சால்மோனெல்லா நோயில் ஏறத்தாழ 14 சதவீதம் இந்தக் குட்டிகளால் வந்தது என்று மதிப்பிட்டார்கள். குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள். 1975-ல் நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை வந்தது. தடை குழந்தைகளின் வயிற்றுக்காக, ஆமைக்காக அல்ல. காட்டிலிருந்து வரும் வளர்ந்த பெட்டி ஆமை நான்கு அங்குலத்தைத் தாண்டியது. அதை அந்தச் சட்டம் தொடவில்லை.

அடுத்த அடி கடல் தாண்டி வந்தது. ஐரோப்பியர்கள் பல பத்தாண்டுகளாக மத்தியதரைக்கடல் ஆமைகளை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்து தோட்டத்தில் வளர்த்தார்கள். பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. 1984-ல் ஐரோப்பிய சமூகம் அந்த வணிகத்தைத் தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் ஆசை அப்படியே இருந்தது, கடைகளும் இருந்தன. காலியான இடத்துக்கு அமெரிக்கப் பெட்டி ஆமை போனது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில், எல்லாம் காட்டிலிருந்து பிடித்தவை. 1994-ல் ஃபுளோரிடாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இந்தப் பேரினத்தை இரண்டாம் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. வட கரோலினா 2003-ல் வணிகத்துக்காகப் பிடிப்பதைத் தடுத்தது.

ஆனால் அக்காவைப் போன்றவர்களின் கதை இந்தக் கணக்கு எதிலும் வராது. யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. சாலையில் நின்றாள், நல்ல மனசுக்காரர்கள் எடுத்துப்போனார்கள். அந்தத் தம்பதி அவளைக் காரில் அடிபடாமல் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருப்பார்கள். காப்பாற்றியும் இருக்கலாம்.

காட்டின் கணக்கு வேறு. பெட்டி ஆமை பருவத்துக்கு வரப் பத்து வருஷம் போல ஆகும். ஒரு தடவைக்கு நான்கைந்து முட்டை, அதில் பெரும்பகுதியை ரக்கூன் தோண்டித் தின்றுவிடும். ஒரு பெண் ஆமை தன் ஆயுளில் வளர்ந்து நிற்கும் இரண்டு வாரிசுகளை விட்டுப்போனாலே பெரிது. ஐம்பது வருஷம் முட்டையிட்டால்தான் அந்தக் கணக்கு சரியாகும். நடுவில் ஒரு பெண் ஆமையை எடுத்துவிட்டால் அது செத்ததற்குச் சமம். 1990களில் அக்கா காட்டைப் பொறுத்தவரை செத்துவிட்டாள்.

கவனிப்பில்லாமல் போவதும் இந்தப் பிராணிக்கு எளிது. நாய் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். ஆமை கண்ணை மூடிக்கொள்ளும். அரைகுறைத் தீனியிலும் ஏழு வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு "நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றும். அது உயிர் வாழ்வது இல்லை, சாவதற்கே அதற்கு அவ்வளவு நாள் பிடிக்கிறது.

ஏன் விடவில்லை

ஆகஸ்டில் எடை 420 கிராம். தொட்டால் படாரென்று பெட்டியை மூடினாள். வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். அன்று சாயந்திரமே என் பெண் கேட்டாள்: "அப்பா, இப்ப காட்டுல விட்டுடலாம்ல?"

எனக்கும் அதே ஆசைதான். வீட்டுக்குப் பின்னாலேயே காடு இருக்கிறது. ஆனால் நிக்கல்ஸும் ஸ்டிக்கலும் சொன்னது அங்கேதான் குறுக்கே வந்தது. அவளுக்குத் தேவை ஏதோ ஒரு காடு அல்ல. அந்த 370 அடி. அது மலைப் பக்கமா, கடல் பக்கமா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதருக்கு இப்போது தன் மகளையே சில நாள் அடையாளம் தெரிவதில்லை. தெரியாத காட்டில் விட்டால் பெட்டி ஆமை பெரும்பாலும் அங்கே தங்காது. தன் இடத்தைத் தேடி நேராக நடக்கும். சாலைகளைக் கடக்கும். அதோடு நோய் இருக்கிறது. முப்பது வருஷம் வீட்டில் இருந்த ஆமை, வெளியே தெரியாத கிருமியைச் சுமந்து போகலாம். ரானாவைரஸ் ஒரு கூட்டத்தையே அழிக்கக்கூடியது. ஒருத்திக்குக் கொடுக்கும் விடுதலை அங்கே இருக்கும் மற்றவர்களுக்கு வினையாக முடியலாம்.

இதையெல்லாம் பத்து வயதுப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அவங்க வீடு எங்கன்னு யாருக்குமே தெரியாதா?" என்றாள். "அவளுக்குத் தெரியும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

தோட்டத்தில் பன்னிரண்டடிக்கு எட்டடி பலகை வேலி கட்டினோம். பலகையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினோம், அவள் தோண்டுவாள். மேலே கம்பி வலை, ரக்கூனுக்காக. பாதி வெயில், பாதி நிழல். உதிர்ந்த இலை கனமாகப் போட்டு, தினமும் தண்ணீர் தெளித்து ஈரம் காக்கிறோம். மண்புழு, நத்தை, கடைக் காளான், பூசணித் துருவல், ஸ்ட்ராபெர்ரி. சிவப்புப் பழம் என்றால் ஓடி வருவாள், ஆமாம், ஓடித்தான். தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது சட்டம்.

காலையில் எழுந்ததும் வேலியின் கிழக்குப் பக்கமாகப் போய், பலகையை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாள். திரும்புவாள். மறுபடி நடப்பாள். அந்தப் பக்கம்தான் முதல் வெயில் விழும். அதற்காகவும் இருக்கலாம்.

போன குளிர்காலத்தில் அவளைத் தூங்க விடவில்லை. மெலிந்த ஆமை குளிர்கால உறக்கத்துக்குப் போனால் எழுந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் விளக்கும் சூடும் வைத்துக் கழித்தோம். இப்போது அக்டோபர் கடைசி. எடை 455. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, இந்த வருஷம் விடலாம் என்கிறார். ஷெட்டில் இருந்த ஏழு குளிர்காலங்களிலும் அவள் பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாகத்தான் இருந்திருப்பாள். வேலியின் ஒரு மூலையில் இரண்டடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி இளக்கி, மேலே ஓக் இலையை முட்டுவரை குவித்திருக்கிறேன். பத்து நாளாகத் தீனியைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். நேற்று அந்தக் குவியலுக்குள் பாதி உடம்பை நுழைத்து, 71 மட்டும் வெளியே தெரிய இருந்தாள்.

ஏப்ரலில் வெளியே வருவாளா என்று தெரியாது. அம்மாவும் இப்போதெல்லாம் போனில் முதலில் அதைத்தான் கேட்கிறாள்: "உங்க அக்கா தூங்கிட்டாளா?"

கடைசியாக ஒன்று. இந்த நாட்டில் இருப்பவர்கள் வசந்தத்திலும் மழைக்குப் பிறகும் சாலையில் பெட்டி ஆமையைப் பார்ப்பீர்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். தூக்குங்கள். அது எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி கடக்கும். பாதுகாப்பான நல்ல காடு பத்து மைல் தள்ளி இருக்கிறது என்று வண்டியில் ஏற்றாதீர்கள். குழந்தைகள் கேட்டாலும் ஏற்றாதீர்கள். அது வழி தவறி வந்ததில்லை.